டிஸ்க் நிரம்பிய இரவும் தப்பான ஒரு டெலிட்டும்: டெர்மினல் வேலைக்கு ஏஐயை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

நள்ளிரவு_ஷிஃப்ட்:

கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 14 லினக்ஸ் சர்வர், பார்க்க நான் ஒருவன்தான். ஒரு வருடமாக டெர்மினல் வேலை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் வேலை, பாதி ஏஐயைக் கேட்டுத்தான் நடக்கிறது. நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்த இழை.

ஒரு வேண்டுகோள். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி தமிழிலேயே எழுதுகிறேன். அவசரத்தில் யாரும் இங்கிருந்து எடுத்து அப்படியே டெர்மினலில் ஒட்டிவிடக் கூடாது. பதில் எழுதுகிறவர்களும் இதையே பின்பற்றுங்கள்.

முதல் சம்பவம். இரவு 11:40க்கு போன், பில்லிங் ஓடவில்லை. உள்ளே போய் டிஎஃப் (டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் கட்டளை) போட்டால் டிஸ்க் 100 சதவீதம். டியூ (ஃபைல்களின் அளவைக் காட்டும் கட்டளை) போட்டுக் கூட்டிப் பார்த்தால் 60 ஜிபியில் 22 ஜிபிதான் கணக்குக்கு வருகிறது. மிச்சம் எங்கே போனது என்று புரியவில்லை. இரண்டின் வெளியீட்டையும் ஏஐயிடம் கொடுத்தேன். அழிக்கப்பட்ட ஃபைல் எதையாவது ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) இன்னும் திறந்து வைத்திருக்கலாம், திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ப்ளஸ் எல் 1 சேர்த்துப் போட்டுப் பாருங்கள் என்றது. போட்டவுடன் தெரிந்துவிட்டது. மதியம் யாரோ ஒரு லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழித்திருக்கிறார்கள். ஆர்எம் ஃபைலின் பெயரைத்தான் எடுக்கும். திறந்து வைத்திருக்கும் புராசஸ் அதை விடுகிற வரை இடம் திரும்பி வராது. அங்கே ஜாவா புராசஸ் ஒன்று 37 ஜிபியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரில்லாத ஃபைலிலேயே தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன், இடம் வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்திருந்தால் அன்று விடிந்திருக்கும்.

இரண்டாவது சம்பவம் அடுத்த வாரம். 30 நாளுக்கு மேல் பழைய லாக்குகளை அழிக்க ஒரு வரி கேட்டேன். ஃபைண்ட் (ஃபைல்களைத் தேடும் கட்டளை), லாக் ஃபோல்டர், மைனஸ் டைப் எஃப் (ஃபைல்கள் மட்டும்), மைனஸ் எம்டைம் ப்ளஸ் 30 (30 நாளுக்கு மேல் மாறாதவை), மைனஸ் டெலிட் என்று தந்தது. சரியாக வேலை செய்தது. இரண்டு நாள் கழித்து அதே வரியை இன்னொரு சர்வரில் அப்ளிகேஷன் ஃபோல்டர் மேலேயே ஓட்ட வேண்டி வந்தது. ஜிஇசட் ஃபைல்கள் (சுருக்கி வைத்தவை) மட்டும் போனால் போதும் என்று, மைனஸ் நேம் நிபந்தனையை வரியின் கடைசியில் நானே சேர்த்தேன். அதாவது டெலிட்டுக்குப் பின்னால்.

ஃபைண்ட் இடமிருந்து வலமாகத்தான் நிபந்தனைகளைப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியாது. பெயர் என்ன என்று பார்க்கும் முன்பே அழித்துவிட்டது. 30 நாளாக யாரும் தொடாத ஃபைல் எல்லாம் போனது. ஒரு அப்ளிகேஷனில் மாதக்கணக்காக யாரும் தொடாத ஃபைல் எது? கான்ஃபிக், சான்றிதழ், லைசென்ஸ். முந்தின இரவு பேக்கப் இருந்ததால் மூன்று மணி நேரத்தில் மீட்டோம்.

ஏஐ தந்த வரியில் தவறு இல்லை. அந்த வரி எனக்குப் புரிந்திருக்கவில்லை, அதைத் தொட்டேன். இதற்கு நீங்கள் எல்லாம் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

பழைய_கன்சோல்:

தம்பி, நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஃபைண்ட் மேனுவலில் டெலிட் பகுதியிலேயே இதை எச்சரிக்கையாகப் போட்டிருக்கிறார்கள்: டெலிட்டை முன்னால் வைத்தால், கொடுத்த இடத்துக்குக் கீழே உள்ள அனைத்தையும் அழிக்கப் பார்க்கும் என்று. நான் பாடம் எடுக்கும்போது முதல் நாளே இதைத்தான் சொல்வேன். டெலிட் இருக்கும் இடத்தில் பிரிண்ட் போட்டு ஓட்டு. பட்டியலைக் கண்ணால் பார். பிறகு பிரிண்டை டெலிட் ஆக்கு.

ஏஐயிடமும் அப்படியே கேட்கலாமே. "இதை அழிக்க ஒரு கட்டளை கொடு" என்று கேட்காமல் "எவையெல்லாம் அழியும் என்று காட்டும் கட்டளையை முதலில் கொடு" என்று கேள். அது தட்டாமல் தரும். ஃபைல்களைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் என்றால் மைனஸ் என். மென்பொருள் நிறுவும் ஆப்ட் என்றால் மைனஸ் எஸ். தேவையற்ற ஃபைல்களை அழிக்கும் கிட் கிளீனுக்கும் மைனஸ் என். பெரும்பாலான கருவிகளில் இந்த ஒத்திகை வசதி இருக்கிறது. கேட்கிறவன்தான் கேட்பதில்லை.

ஏஐ வந்துதான் இப்படி ஆகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கோட் சேமிப்புத் தளமான கிட்லேபில் நடந்தது நினைவிருக்கும். இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் ஆர்எம் போட்டார் ஒரு பொறியாளர். நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் ஏற்பாடு ஒன்றுக்கு ஐந்தாக இருந்தும் எதுவும் கைகொடுக்கவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அன்று எந்த ஏஐயும் கிடையாது. அலுத்துப்போன ஒரு மனிதர், அடுத்தடுத்துத் திறந்திருந்த டெர்மினல்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. எம்டைம் ப்ளஸ் 30 என்றால் 30 நாள் தாண்டியது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஃபைண்ட் முழு 24 மணி நேரங்களாகக் கணக்கிட்டு மிச்சத்தை விட்டுவிடும். அதனால் குறைந்தது 31 நாள் ஆன ஃபைல்தான் அதில் விழும். தணிக்கைக்கு லாக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

ஓலைச்சுவடி:

வணக்கம். நான் கணினித் துறை இல்லை, தமிழ் இலக்கியம் படித்தவள். ஊர் நூலகத்துக்காகப் பழைய சிறுபத்திரிகைகளைத் தட்டச்சு செய்து சேர்க்கிறோம். 214 டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. மேனுவல் பக்கத்தைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றும். ஏஐயிடம் தமிழிலேயே கேட்கிறேன், தமிழிலேயே விளக்குகிறது. பைப் என்றால் என்ன என்று அது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே பயன்படுத்தாதீர்கள் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், எனக்கு வேறு வழி இல்லை.

இப்போது ஒரு சிக்கலில் இருக்கிறேன். ஃபைல்களில் வளைந்த இரட்டை மேற்கோள் குறிகள் நிறைய இருந்தன. அவற்றை எடுத்துவிடக் கேட்டேன். கொடுத்த எழுத்துகளை நீக்கும் டிஆர் மைனஸ் டி என்ற கட்டளையை ஒரு லூப்புக்குள் வைத்து, தற்காலிக ஃபைலில் எழுதி, பிறகு பழைய பெயருக்கே மாற்றும்படி தந்தது. ஓட்டினேன். முதல் ஃபைலைத் திறந்து மேலே பத்து வரி பார்த்தேன், சரியாக இருந்தது. நேற்று ஒரு கவிதையை எடுத்தால் "வீடு" என்ற சொல்லில் கேள்விக்குறிக் கட்டம். "நீர்" கெட்டிருக்கிறது. "ராஜா" கெட்டிருக்கிறது. ஆனால் "விடு", "நிலம்", "மரம்" எல்லாம் நன்றாக இருக்கின்றன! சில எழுத்து மட்டும் ஏன் கெட வேண்டும்? பழைய பிரதி 40 ஃபைலுக்குத்தான் பென்டிரைவில் இருக்கிறது. மிச்சத்தை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதானா?

தென்றல்_77:

அக்கா, அந்த ஃபைல்களை இப்போது தொடாதீர்கள். முழு ஃபோல்டரையும் வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். விஷயம் தெரிந்தவர்கள் வந்து பார்ப்பார்கள்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். மேக்கில் வேலை செய்கிறேன். செட் மைனஸ் ஐ (ஃபைலுக்குள்ளேயே சொற்களை மாற்றும் கட்டளை) என்று ஏஐ தந்த வரி பிழை காட்டியது. லினக்ஸின் செட் வேறு, மேக்கின் செட் வேறு. மேக்கில் மைனஸ் ஐக்குப் பின்னால் ஒரு வெற்று மேற்கோள் ஜோடி வேண்டும். டேட் கட்டளையும் அப்படித்தான், நேற்றைய தேதியை எடுக்க இரண்டிலும் வேறு வேறு எழுத்து. மேக்கோடு வரும் பாஷ் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) இன்னும் 3.2தான், 2007 வாக்கில் நின்றுபோன பதிப்பு. அது தந்த வரி வேறொரு கணினிக்குச் சரியான வரி. இப்போதெல்லாம் பேச்சைத் தொடங்கும்போதே எந்த ஓஎஸ், எந்த ஷெல், எந்தப் பதிப்பு என்று ஒட்டிவிடுகிறேன். பாதித் தொல்லை தீர்ந்தது.

பழைய_கன்சோல்:

ஓலைச்சுவடி அம்மா, பதற வேண்டாம். மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது. என்ன நடந்தது என்பதைப் பொறுமையாகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

லினக்ஸில் இருக்கும் டிஆருக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப் 8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். வளைந்த இரட்டை மேற்கோளும் மூன்று பைட்தான். திறக்கும் குறி 226, 128, 156. மூடும் குறி 226, 128, 157. நீங்கள் இரண்டு குறிகளை அழிக்கச் சொன்னதாக நினைத்தீர்கள். டிஆர் அதை நான்கு பைட்டுகள் அடங்கிய பட்டியலாக எடுத்துக்கொண்டது: 226, 128, 156, 157. ஃபைலில் இந்த நான்கு எங்கே வந்தாலும் அழித்துக்கொண்டே போயிருக்கிறது.

இப்போது தமிழைப் பாருங்கள். நெடில் ஈகாரக் குறி 224, 175, 128. கடைசி பைட் 128, போய்விட்டது. ஜ என்பது 224, 174, 156. அதிலும் கடைசி பைட் போய்விட்டது. மற்ற எந்தத் தமிழ் எழுத்திலும் இந்த நான்கு பைட்டும் கிடையாது. அதனால்தான் விடு பிழைத்தது, வீடு கெட்டது.

இதிலேயே மருந்தும் இருக்கிறது. 224, 175 என்ற இரண்டும் மூன்றாவது பைட் இல்லாமல் நின்றால் அது ஈகாரக் குறியாகத்தான் இருக்க முடியும். 224, 174 அப்படி நின்றால் அது ஜ. வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை. பைட் பைட்டாகப் படிக்கும் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போதும்.

ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். வளைந்த ஒற்றை மேற்கோளும் ஃபைலில் இருந்திருந்தால், மூடும் ஒற்றைக் குறி 226, 128, 153. அதில் 153 மட்டும் அநாதையாக மிஞ்சியிருக்கும். ஜ என்ற எழுத்துக்கு அடுத்தே அந்தக் குறி வந்திருந்தால், மிஞ்சிய 224, 174 உடன் இந்த 153 ஒட்டிக்கொண்டு ங ஆகிவிடும். ஆகவே வெறும் ங வருகிற இடங்களை எல்லாம் கண்ணால் பாருங்கள். தமிழில் ங அடுத்து புள்ளி இல்லாமல் வருவது அபூர்வம், தேடினால் சீக்கிரம் மாட்டும்.

நான் சொன்னதை அப்படியே ஏஐயிடம் கொடுத்து ஸ்கிரிப்ட் கேளுங்கள். பிரதியின் மேல் ஓட்டுங்கள். அந்த 40 ஃபைலுக்கு நல்ல பிரதி இருக்கிறது அல்லவா? அதிலிருந்து மேற்கோளைச் சரியான முறையில் நீக்கிவிட்டு, பழுதுபார்த்த ஃபைலோடு டிஃப் (இரண்டு ஃபைலின் வித்தியாசத்தைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் மிச்சத்தையும் நம்பலாம். மேற்கோள் நீக்க செட் கட்டளை போதும், யூடிஎஃப் 8 லொகேலில் (மொழி அமைப்பில்) அதற்கு எழுத்து தெரியும்.

பூட்டு_சாவி:

மேலே எல்லோரும் கேட்டு வாங்கி ஒட்டுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். 2025க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. கிளாட் கோட், ஜெமினி சிஎல்ஐ, கோடெக்ஸ் என்ற ஏஐ ஏஜென்ட்டுகள் எல்லாம் டெர்மினலுக்குள்ளேயே உட்கார்ந்து தானே கட்டளையை ஓட்டுகின்றன. ஓட்டலாமா என்று அனுமதி கேட்கும். முதல் பத்து முறை படித்துப் பார்த்து ஆம் என்போம். முப்பதாவது முறை கை தானாக ஆம் சொல்லும். அப்புறம் "இனிமேல் கேட்காதே" என்பதைத் தட்டிவிடுவோம். எங்கள் அணியிலும் இதுதான் நடந்தது. அதனால் அனுமதியை மட்டும் நம்பியிருப்பதை விட்டுவிட்டோம். ஏஜென்ட்டைத் தனி யூசர் கணக்கில், கன்டெய்னருக்குள் (தனிமைப்படுத்திய சூழலில்) ஓடவிடுகிறோம். சூடோ (நிர்வாகி அதிகாரம்) கிடையாது, புரொடக்ஷன் (நிஜ சர்வர்களின்) சாவி அந்தக் கணக்கின் கண்ணிலேயே படாது. படிக்கும் கட்டளைகளுக்கு, அதாவது எல்எஸ், கிரெப், கிட் டிஃப் மாதிரி, கேள்வி இல்லாமல் அனுமதி. எழுதும், அழிக்கும், அனுப்பும் எதற்கும் கேட்டாக வேண்டும். கேள்வி குறைந்ததால் வருகிற கேள்வியைப் படிக்கிறார்கள்.

அது படிக்கும் டெக்ஸ்ட்டுக்குள்ளேயே கட்டளை ஒளிந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஊர் பேர் தெரியாத ரெப்போவின் (கோட் தொகுப்பின்) ரீட்மீ விளக்க ஃபைலில் "இந்த வரியை ஓட்டு" என்று யாராவது எழுதி வைத்திருந்தால், அது நீங்கள் சொன்னதா ரீட்மீ சொன்னதா என்று மாடலுக்கு எப்போதும் பிரித்தறியத் தெரியாது. இல்லாத பேக்கேஜ் பெயரைச் சொல்வதும் உண்டு. அந்தப் பெயரில் யாரோ ஒருவர் விஷமப் பேக்கேஜைப் பதிவு செய்து காத்திருந்தால் நாமே போய் இன்ஸ்டால் செய்துவிடுவோம். பேக்கேஜ் நிறுவும் பிப், என்பிஎம் வரி எது தந்தாலும் அந்தப் பேக்கேஜின் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் நான் எண்டர் தட்டுவதில்லை.

பிழைச் செய்தியை ஒட்டும்போது கூடவே பாஸ்வேர்டும் போகிறது, அதையும் பாருங்கள். பாஸ்வேர்டுகள் இருக்கும் என்வ் ஃபைல் முழுவதையும் ஒட்டியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். என்னுடைய மடிக்கணினியில் 16 ஜிபி நினைவகம். இணைய இணைப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் ஓலாமாவில் (ஏஐயைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டும் செயலி) 8 பில்லியன் அளவுருக்கள் கொண்ட ஏஐ மாதிரி ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன். 4 பிட் அளவுக்குச் சுருக்கியதில் 5 ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. வாடிக்கையாளரின் கோப்பு எதுவும் வெளியே போகாது என்பது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் சின்ன மாதிரி பிழை விடும், நிறையவே விடும். இல்லாத ஆப்ஷனை இருக்கிறது என்று அடித்துச் சொல்லும்.

அதனால் அது எழுதித் தரும் ஸ்கிரிப்ட் எதையும் ஷெல்செக்கில் போடாமல் ஓட்டுவதில்லை. ஷெல்செக் ஏஐ அல்ல, விதிகளை வைத்துப் பார்க்கும் பழைய மாதிரியான கருவி, இணையமும் வேண்டாம். அண்மையில் ஒரு பேக்கப் ஸ்கிரிப்டில் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப், பிறகு ஒரு மாறி (வேரியபிள்), பிறகு ஸ்லாஷ் நட்சத்திரம் என்று ஒரு வரி இருந்தது. மாறி வெறுமையாக இருந்தால் அந்த வரி மூலக் கோப்புறையையே (எல்லாக் கோப்புகளுக்கும் மேலே உள்ள ஸ்லாஷ்) துடைக்கும் என்று ஷெல்செக் பிடித்தது. மாறிக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போடச் சொன்னது. போட்டால், வெறுமையான மாறி என்றவுடன் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். 2015 ஜனவரியில் லினக்ஸில் ஸ்டீம் செயலியின் ஸ்கிரிப்ட் பயனர்களின் கோப்புகளை அழித்ததும் இதே வடிவப் பிழையால்தான். அந்த இடத்தில் "பயங்கரம்" என்று பொருள்படும் ஒரு குறிப்பைக்கூட எழுதியவர் விட்டுவைத்திருந்தார்.

ஆர்எம்மில் மூலக் கோப்புறைக்குப் பாதுகாப்பு இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். வெறும் ஸ்லாஷ் என்றால்தான் அது மறுக்கும். ஸ்லாஷ் நட்சத்திரம் என்றால் ஷெல் அதை முதலே விரித்துக் கொடுத்துவிடும், ஆர்எம்முக்கு ஒன்றும் விளங்காது.

ஓலைச்சுவடிக்கு: சொற்களை அகரவரிசைப்படுத்தும்போதும் கவனம். வேகமாக ஓடும் என்று ஏஐ ஸ்கிரிப்டின் தலையில் எல்சி ஆல் சமம் சி (மொழி அமைப்பை விட்டுவிடச் சொல்லும் வரி) என்று போட்டுவிடும். அப்போது சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை) குறியீட்டு எண்படி அடுக்கும். யூனிகோடில் ற என்பது ர-வுக்கு அடுத்து இருக்கிறது. அதனால் மறம், மலர், மழை என்று வரும். நமது வரிசையில் மலர், மழை, மறம் அல்லவா. எங்களுடைய ஒரு சொல்லடைவு அப்படியே அச்சுக்குப் போக இருந்தது.

நள்ளிரவு_ஷிஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. பழைய_கன்சோல் ஐயா, நீங்கள் சொன்னதை நேற்று இரவே செய்து பார்த்தேன். இரண்டு விஷயம் மாற்றினேன். ஒன்று, எதை அழிக்கவும் முதலில் பட்டியல் கட்டளை மட்டும்தான் கேட்கிறேன். பட்டியலை ஃபைலில் எழுதி, டபிள்யூசி மைனஸ் எல் போட்டு எண்ணி, தலையும் வாலும் நடுவில் கொஞ்சமும் பார்க்கிறேன். 412 வந்தது. நான் எதிர்பார்த்தது 400 சுமாருக்கு. அழிக்கும்போதும் ஃபைண்டை மறுபடி ஓட்டவில்லை, அந்தப் பட்டியலில் இருந்ததை மட்டுமே அழித்தேன்.

இரண்டாவது, வரியில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மாற்றிய வரியைத் திருப்பி ஏஐயிடமே கொடுத்து, ஒவ்வொரு துண்டும் என்ன செய்யும் என்று கேட்கிறேன். என்னுடைய பழைய தப்பான வரியையும் வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தேன். டெலிட் முன்னால் இருக்கிறது, பெயர் நிபந்தனை பார்க்கப்படும் முன்பே எல்லாம் அழியும் என்று முதல் வரியிலேயே சொன்னது. அன்று அரை நிமிடம் செலவழித்துக் கேட்டிருக்கலாம்.

பூட்டு_சாவி, தனி யூசர் யோசனையை இந்த வாரம் செய்யப்போகிறேன். கன்டெய்னருக்கு நேரம் பிடிக்கும்.

ஓலைச்சுவடி:

பழைய_கன்சோல் ஐயா, ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது! நீங்கள் கொடுத்த எண்களை அப்படியே தமிழில் எழுதிக் கேட்டேன். முதலில் எத்தனை இடம் கெட்டிருக்கிறது என்று எண்ணிக் காட்டும் ஸ்கிரிப்ட், பிறகு பிரதியில் மட்டும் திருத்தும் ஸ்கிரிப்ட் என்று இரண்டாக வாங்கினேன். பென்டிரைவில் இருந்த 40 ஃபைலோடு டிஃப் போட்டதில் 37 ஃபைலில் ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்றில் இருந்தது. மூன்றுமே ஒற்றை மேற்கோள் மிஞ்சிய இடங்கள். மிச்ச ஃபைல்களிலும் அநாதையான 153 எங்கெங்கே நிற்கிறது என்று வரி எண்ணோடு பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றாகக் கையால் குறியைப் போட்டுவிட்டேன். புள்ளி இல்லாத ங ஒரே ஓர் இடத்தில் கிடைத்தது. ஒரு சிறுகதைத் தலைப்பில் ஒற்றை மேற்கோளுக்குள் இருந்த "சரோஜ" என்ற சொல் "சரோங" என்று நின்றது.

பனங்கூடல் அண்ணா, சார்ட் பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஆசிரியர் பெயர் அட்டவணையைத் திறந்து பார்த்தேன், தலையில் நீங்கள் சொன்ன அதே வரி இருக்கிறது. நாளை அதைப் பார்க்கிறேன். இன்று இரவு அந்தக் கவிதையை இன்னொரு முறை திறந்தேன். வீடு, வீடாக இருக்கிறது.